கியரை யார் மாற்றுவது? கார்ப் பந்தய விளையாட்டுகளில் ஆட்டோமேட்டிக்கும் மேனுவலும்

எந்தக் கார்ப் பந்தய விளையாட்டைத் திறந்தாலும், பந்தயம் தொடங்குவதற்கு முன் வரும் அமைப்புத் திரையில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: கியர் மாற்றம் ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா? பெரும்பாலானோர் அந்த வரியைத் தொடுவதில்லை. விளையாட்டு கொடுத்தபடியே ஆட்டோமேட்டிக்கில் விட்டுவிட்டு ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டினேன். மேனுவலுக்கு மாறிய பிறகுதான், அதுவரை காரின் சக்கரங்களை மட்டுமே ஓட்டியிருக்கிறேன், எஞ்சினை ஓட்டியதே இல்லை என்பது எனக்குப் புரிந்தது. கிரான் டுரிஸ்மோ 7, ஃபோர்ஸா ஹொரைசன் 5, அசெட்டோ கோர்ஸா ஆகிய மூன்று விளையாட்டுகளிலும் நீண்ட நாட்கள் இரண்டு முறையிலும் ஓட்டிப் பார்த்த அனுபவத்தில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கார்களின் எண்ணிக்கையையும் காட்சிகளின் அழகையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இங்கே நான் பார்ப்பது கியர் என்ற ஒரே விஷயத்தை.

ஆட்டோமேட்டிக் என்று விளையாட்டுகள் எதைச் சொல்கின்றன என்பதை முதலில் தெளிவாக்கிவிட வேண்டும். சாலையில் ஓடும் ஆட்டோமேட்டிக் காரில் இருப்பது பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டரோ இரட்டைக் கிளட்சோ கொண்டு, தானே கியரை மாற்றிக்கொள்ளும் வேறொரு இயந்திரம். விளையாட்டில் ஆட்டோமேட்டிக்கைத் தேர்ந்தெடுத்தால் காரின் கியர்பாக்ஸ் மாறுவதில்லை. அதே கியர்பாக்ஸில், உங்களுக்குப் பதிலாக ஒரு நிரல் கியரைக் கூட்டிக் குறைக்கிறது, அவ்வளவுதான். அந்த நிரல் பார்ப்பது பெரும்பாலும் எஞ்சின் எத்தனை ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று, சுழல்கிறது என்பதைத்தான். எஞ்சின் தாங்கும் உச்ச ஆர்பிஎம்மான ரெட்லைனை நெருங்கினால் கியரைக் கூட்டும், ஆர்பிஎம் ஓர் அளவுக்குக் கீழே விழுந்தால் கியரைக் குறைக்கும். முன்னால் ஹேர்பின் (கொண்டை ஊசி) வளைவு வருகிறதா, தடம் ஈரமாக இருக்கிறதா, நீங்கள் அடுத்த நொடியில் பிரேக்கை மிதிக்கப் போகிறீர்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நடந்து முடிந்ததைப் பார்த்து அது முடிவெடுக்கிறது. ஓட்டுபவரோ வரப்போவதைப் பார்த்து முடிவெடுக்கிறார். இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த இடத்திலிருந்துதான் பிறக்கிறது.

ஜப்பானின் சுசுகா தடத்தை எடுத்துக்கொள்கிறேன். 5.807 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில், டெக்னர் வளைவுகளைக் கடந்து, தடம் தன்னைத்தானே மேலே தாண்டிச் செல்லும் பாலத்துக்கு அடியில் புகுந்து வெளியே வந்தால், இடப்பக்கம் திரும்பும் ஹேர்பின் வரும். கார் ஹோண்டா எஸ்2000. அதன் 2.0 லிட்டர் எஞ்சின் 9,000 ஆர்பிஎம் வரை சுழலும். அதிலுள்ள வீடெக் என்ற அமைப்பு சுமார் 6,000 ஆர்பிஎம்முக்கு மேல்தான் எஞ்சினின் வால்வுகள் திறக்கும் விதத்தை மாற்றி முழு வலுவைத் தரும். ஆட்டோமேட்டிக்கில் இந்த ஹேர்பினுக்குள் நுழையும்போது, பிரேக்கை மிதித்து வேகம் குறைந்துகொண்டே வந்தாலும் கார் 3-ஆம் கியரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். ஆர்பிஎம் போதுமான அளவு கீழே விழுந்த பிறகுதான், அதாவது நான் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி வளைவின் நடுவில் நிற்கும்போதுதான், நிரல் 2-ஆம் கியருக்கு இறக்கும். பின்சக்கரங்களால் உந்தப்படும் காரில் அந்த நொடியில் எஞ்சின் பிரேக்கிங், அதாவது எஞ்சினே காரை இழுத்து வேகத்தைக் குறைப்பது, பின்சக்கரங்களில் மட்டும் விழுவதால், வால் பகுதி இலேசாக வெளியே விலகும். அதைத் திருத்துவதற்குள், வெளியேறும் இடத்தில் கொடுக்க வேண்டிய ஆக்ஸிலரேட்டர் தாமதமாகிவிடும்.

மேனுவலில் இதே வளைவுக்கு, கார் இன்னும் நேராகச் செல்லும்போதே, பிரேக்கின் முதல் அழுத்தம் முடிந்தவுடன், 4, 3, 2 என்று ஒவ்வொரு படியாக இறக்கிவிடலாம். வளைவுக்குள் நுழையும்போது கியர் பற்றிய வேலை முடிந்திருக்கும். இரண்டு கைகளும் கவனமும் ஸ்டீயரிங்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் மட்டுமே உரியவையாகிவிடும். வெளியேறும்போது எஞ்சின் தன் வலுவான பகுதிக்கு அருகிலேயே இருக்கும்.

அடுத்து வரும் ஸ்பூன் வளைவு இன்னும் தெளிவான பாடம். இடப்பக்கமாகவே இரண்டு முறை உள்ளே தொட்டுச் செல்ல வேண்டிய நீண்ட வளைவு அது. முதல் தொடுபுள்ளிக்கும் இரண்டாவதுக்கும் இடையில் சிறிது நேரம் மட்டும் ஆக்ஸிலரேட்டரை அழுத்துவோம். அந்தச் சிறு இடைவெளியில் ஆர்பிஎம் ரெட்லைனைத் தொட்டால் ஆட்டோமேட்டிக் கியரைக் கூட்டிவிடும். உடனே நான் பிரேக்கைத் தொட, மறுபடியும் குறைக்கும். தேவையே இல்லாத இரண்டு மாற்றங்கள், அதுவும் டயர்கள் முழுப் பிடிப்பையும் பக்கவாட்டில் செலவழித்துக்கொண்டிருக்கும் நேரத்தில். மேனுவலில் அந்த ஒரு நொடிக்கு எஞ்சினை அதன் உச்சியிலேயே கத்தவிட்டு அதே கியரைப் பிடித்துக்கொள்வேன். ஒரு கியரை மாற்றாமல் வைத்திருப்பதும் ஒரு முடிவுதான் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த வளைவு.

2022 மார்ச் 4 அன்று வெளியான கிரான் டுரிஸ்மோ 7, மேனுவலைக் கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் விளையாட்டு. காரணம், திரையில் ஓடும் கியர் எண்ணுக்குப் பக்கத்தில், வரப்போகும் வளைவுக்கு எந்தக் கியர் உகந்தது என்பதையும் அது காட்டுகிறது. இந்தச் சின்ன எண் செய்யும் வேலை மிகப் பெரியது. நல்ல ஆசிரியர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒரு சொல் மட்டும் சொல்வதைப் போல, எப்போது மாற்றுவது என்பதை நம்மிடமே விட்டுவிட்டு, எதற்கு மாற்றுவது என்பதை மட்டும் அது சொல்கிறது. லைசென்ஸ் தேர்வுகள் தடத்தின் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டவைப்பதால், ஒரு வளைவை 2-ஆம் கியரிலும் 3-ஆம் கியரிலும் மாறி மாறி எடுத்துப் பார்த்து, எதில் நேரம் குறைகிறது என்று கடிகாரத்தையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் அந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. மழையில் ஸ்பா ஃபிராங்கோர்ஷாம்ப்ஸ் தடத்தின் முதல் வளைவான லா சோர்ஸில் இது நன்றாகத் தெரியும். மிக மெதுவாகத் திரும்ப வேண்டிய அந்த வளைவிலிருந்து குறைந்த கியரில் வெளியேறினால், கியர் விகிதம் எஞ்சினின் முறுக்குவிசையைப் பெருக்கிச் சக்கரங்களுக்கு அனுப்பும். ஈரத் தடத்தில் பின் டயர்கள் அதைத் தாங்க முடியாமல் நின்ற இடத்திலேயே சுழலும். ஒரு கியர் அதிகமாக வைத்துக்கொண்டு, எஞ்சின் கொஞ்சம் திணறினாலும் பரவாயில்லை என்று மெதுவாக வெளியேறினால், கார் கோடு போட்டதுபோல் நேராகப் போகும். அதேபோல் ரெட்லைன் வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கியரைக் கூட்டுவதும் ஈரத்தில் பெரிய துணை. ஆட்டோமேட்டிக்கில் இந்த இரண்டையுமே செய்ய வழியில்லை. மழைப் பந்தயங்களில் மேனுவல் ஓட்டுபவருக்குக் கிடைக்கும் உண்மையான ஆதாயம் இதுதான் என்பது என் கருத்து. காய்ந்த தடத்தில், நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவருக்கு இரண்டு முறைகளுக்கும் உள்ள நேர வேறுபாடு பலர் நினைப்பதைவிடச் சிறியது.

இந்தத் தேர்வு விளையாட்டுகளுக்குப் புதிதல்ல. 1982-இல் வந்த போல் பொசிஷன், 1986-இல் வந்த அவுட் ரன் ஆகிய ஆர்கேட் இயந்திரங்களில் மேல் கியர், கீழ் கியர் என்று இரண்டே நிலைகள் கொண்ட லீவர் இருந்தது. 1989-இல் அடாரி வெளியிட்ட ஹார்ட் டிரைவின் ஒரு படி மேலே போய், கிளட்ச் பெடலையும் நான்கு கியர் கொண்ட லீவரையும் வைத்து, விரும்பியவர்கள் ஆட்டோமேட்டிக்கில் ஓட்டவும் இடம் கொடுத்தது. அதே 1989-ஆம் ஆண்டில்தான் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஃபெராரி 640 என்ற கார், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த பேடில்களால் (விரலால் இயக்கும் தகடுகளால்) கியர் மாற்றும் முறையோடு களமிறங்கி, தன் முதல் பந்தயத்திலேயே, பிரேசிலில், நைஜல் மான்செல் கையில் வென்றது. கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமலேயே கியர் மாற்றலாம் என்பதுதான் அதன் ஆதாயம். எப்போது மாற்றுவது என்ற முடிவு ஓட்டுநரிடமே இருந்தது. பின்னாளில் முழுத் தானியங்கி முறை ஃபார்முலா 1-க்குள் வந்தபோது, 2004 பருவத்திலிருந்து விதிகள் அதைத் தடை செய்தன. இன்று ஒரு ஃபார்முலா 1 விளையாட்டில் ஆட்டோமேட்டிக்கைத் தேர்ந்தெடுப்பவர், அந்தக் காரின் உண்மையான ஓட்டுநருக்கு அனுமதியில்லாத வசதியோடு ஓட்டுகிறார். எட்டு முன் கியர்கள் கொண்ட அந்தக் காரை மேனுவலில் ஒரு சுற்று ஓட்டினாலே கை விரல்களுக்கு எவ்வளவு வேலை என்பது புரியும்.

ஃபோர்ஸா ஹொரைசன் 5, 2021 நவம்பரில் வெளியானது. மெக்சிகோவின் திறந்த வெளிகளில் ஓட்டும் இந்த விளையாட்டு மூன்று தேர்வுகளைத் தருகிறது: ஆட்டோமேட்டிக், மேனுவல், கிளட்சுடன் மேனுவல். இதில் மூன்றாவதுதான் மிக வேகமானது என்பது இதைத் தீவிரமாக விளையாடுபவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கிளட்ச் பட்டனையும் கியர் பட்டனையும் சரியான கணத்தில் சேர்த்து அழுத்தினால், மாற்றத்தின்போது ஏற்படும் வலு இழப்பு குறைகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் சேமிக்கும் நேரம் கண்ணிமைக்கும் அளவுதான் என்றாலும், நீண்ட பந்தயத்தில் அது கூடிக்கொண்டே போகிறது.

இந்த ஏற்பாட்டை என்னால் முழு மனதோடு பாராட்ட முடியவில்லை. கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றுவது, மூன்று பெடல் கொண்ட பழைய காருக்கு இயல்பானது. ஆனால் நிசான் ஜிடி-ஆர் ஆர்35 போன்ற இரட்டைக் கிளட்ச் காரில் கிளட்ச் பெடலே கிடையாது. அந்தக் காருக்கும் கிளட்ச் பட்டனை அழுத்தினால்தான் முழு வேகம் கிடைக்கும் என்றால், அங்கே நாம் கற்றுக்கொள்வது கார் ஓட்டும் திறமையாக இல்லாமல் பட்டன் அழுத்தும் பழக்கமாகிவிடுகிறது. கண்ட்ரோலரில் இன்னொரு சங்கடமும் உண்டு. தொடக்க அமைப்பில் பிரேக் இடது டிரிகரிலும், கிளட்ச் அதற்கு நேர் மேலே உள்ள இடது பட்டனிலும் இருக்கின்றன. கியரைக் கூட்டும்போது பிரேக் வேண்டியதில்லை என்பதால் சிக்கல் இல்லை. கியரைக் குறைக்கும்போதோ இரண்டும் ஒரே நேரத்தில் தேவைப்படும், இரண்டுக்கும் உரியது ஒரே ஆள்காட்டி விரல். நடுவிரலை டிரிகருக்கு ஒதுக்கிக்கொள்ளலாம், அல்லது பட்டன்களை இடம் மாற்றி அமைத்துக்கொள்ளலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். பழகிய பிறகு தொல்லை இல்லை, ஆனால் புதிதாக வருபவர் கிளட்ச் இல்லாத மேனுவலிலேயே சில வாரங்கள் இருந்துவிட்டுப் பிறகு மாறுவது நல்லது. பொழுதுபோக்காகச் சுற்றித் திரிய வருபவருக்கு ஆட்டோமேட்டிக்கே போதும். இந்த விளையாட்டின் உற்சாகத்தில் பாதி, தடமே இல்லாத மண்ணிலும் காட்டிலும் காரை விரட்டுவதில் இருக்கிறது. அங்கே கியரைப் பற்றி யோசிக்க நேரமும் இல்லை, தேவையும் குறைவு. டிரிஃப்ட் செய்ய விரும்பினால் மட்டும் மேனுவல் கட்டாயம். கார் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டிருக்கும்போது ஆட்டோமேட்டிக் ஒருமுறை கியரைக் கூட்டினால் சக்கரச் சுழற்சி விழுந்து, சறுக்கலும் அங்கேயே முடிந்துவிடும்.

அசெட்டோ கோர்ஸாவை இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி நிறுவனம் 2014 டிசம்பரில் முழுமையாக வெளியிட்டது. வயதான விளையாட்டுதான், ஆனாலும் கியர் விஷயத்தில் இந்த மூன்றில் மிக நேர்மையானது இதுவே. இதில் கியர் மாற்றம், கிளட்ச், கியர் குறைக்கும்போது ஆக்ஸிலரேட்டரைத் தட்டிவிடுவது ஆகியவற்றுக்குத் தனித்தனியாகத் துணை வசதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனியாக அணைக்கலாம். முதலில் கியரை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, கிளட்சையும் மற்றதையும் விளையாட்டிடமே விட்டுவைக்கலாம். ஒரு மாதம் கழித்துக் கிளட்ச், அதன் பிறகு ஆக்ஸிலரேட்டர் தட்டல் என்று படிப்படியாக முழுப் பொறுப்பையும் ஏற்கலாம். கற்பதற்கு இதைவிட நல்ல ஏணியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அந்த ஏணியின் கடைசிப் படிதான் மிகவும் சுவையானது. மூன்று பெடலும் கியர் லீவரும் கொண்ட அமைப்பில் ஒரு வளைவுக்காக வேகத்தைக் குறைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது காலின் முன்பகுதி பிரேக்கை ஒரே அளவில் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். இடது கால் கிளட்சை மிதிக்கும், கை லீவரை 4-இலிருந்து 3-க்கு இழுக்கும். கிளட்சை விடுவதற்கு முன், வலது காலின் குதிகாலையோ பக்கவாட்டையோ சாய்த்து ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை தட்டி, எஞ்சினின் சுழற்சியை 3-ஆம் கியருக்குத் தேவையான அளவுக்கு உயர்த்திவிட வேண்டும். தட்டல் சரியாக விழுந்தால் கிளட்சை விடும்போது கார் அசையாது. குறைவாக விழுந்தால் பின்சக்கரங்கள் ஒரு கணம் பூட்டிக்கொண்டு கார் திரும்பிவிடும். இதெல்லாம் நடப்பது ஏறத்தாழ அரை நொடிக்குள். 20.832 கிலோமீட்டர் நீளமுள்ள நூர்பர்கிரிங் நார்ட்ஷ்லைஃபே தடத்தில் ஒரு முழுச் சுற்றை இப்படிப் பிழையில்லாமல் முடித்த நாளில், என் நேரம் பேடில்களால் ஓட்டிய நேரத்தைவிட அதிகமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தச் சுற்றின் ஒவ்வொரு வளைவும் இன்றும் காலில் நினைவிருக்கிறது.

இந்த விளையாட்டு பிழையை மன்னிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லீவரை 5-இலிருந்து 4-க்கு இழுக்கும் அவசரத்தில் கை தவறி 2-இல் விழுந்தால், சக்கரங்கள் எஞ்சினை அதன் எல்லைக்கு மேல் சுழற்றிவிடும். சேத அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் எஞ்சின் அங்கேயே பழுதாகும். இது கடுமைதான். ஆனால் உண்மையான காரிலும் நடப்பது இதுவே என்பதால் நான் இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

ராலி விளையாட்டுகளைப் பற்றி ஒரு சொல். டர்ட் ராலி 2.0-வில் பக்கத்து இருக்கைத் துணை ஓட்டுநர் ஒவ்வொரு வளைவையும் 1 முதல் 6 வரை எண்ணிட்டுச் சொல்வார். 1 மிகக் குறுகலானது, 6 ஏறத்தாழ நேரானது. அந்த எண்ணை அப்படியே கியர் எண்ணாகக் கொள்ள முடியாவிட்டாலும், மேனுவலில் ஓட்டும்போது காதில் விழும் எண்ணும் கையில் இருக்கும் கியரும் மெல்ல ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். அதன் பிறகு கேட்டவுடனே கை இயங்கும். ஆட்டோமேட்டிக்கில் இந்தப் பிணைப்பு உருவாவதில்லை.

கருவிகளைப் பொறுத்தவரை, மேனுவலுக்காக உடனே ஸ்டீயரிங் வாங்க வேண்டியதில்லை. சாதாரணக் கண்ட்ரோலரின் இரண்டு பட்டன்களே போதும். கட்டைவிரலால் அழுத்தும் பட்டன்களைவிட, ஆள்காட்டி விரலுக்கு எட்டும் மேல் பட்டன்களில் கியரை வைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது. லீவர் வாங்குவதென்றால் உள்ளே என்ன சென்சார் இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். நான் முதலில் வாங்கிய லீவரில், உராய்ந்து நகரும் பொட்டென்ஷியோமீட்டர் இருந்தது. ஒன்றரை ஆண்டில் அது தேய்ந்து, 4-இல் போட்டாலும் சில சமயம் நியூட்ரல் என்று காட்டத் தொடங்கியது. தயாரித்த நிறுவனம் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்று கைவிரித்துவிட்டது. காந்தத்தின் நிலையை உணரும் ஹால் சென்சாரில் எதுவும் எதோடும் உராய்வதில்லை என்பதால், இந்தத் தேய்மானம் அதில் வராது. இப்போது என்னிடம் இருப்பது அந்த வகை.

ஆட்டோமேட்டிக்கில் ஓட்டுபவரைக் கற்றுக்குட்டி என்று ஒதுக்கும் பழக்கம் சில இணையப் பந்தய அறைகளில் இருக்கிறது. அது தவறானது, எனக்கு வருத்தம் தருவது. ஒரு கையால் மட்டுமே விளையாடக் கூடியவர்கள் இருக்கிறார்கள், விரல்களில் வலி உள்ளவர்கள் இருக்கிறார்கள். 2023-இல் வந்த ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட், பார்வையற்றவர்களும் ஓட்டும்படி ஒலிக் குறிப்புகளோடு கூடிய துணை வசதிகளைச் சேர்த்தது. அப்படிப்பட்ட ஏற்பாடுகளின் வரிசையில்தான் ஆட்டோமேட்டிக் கியரையும் வைத்துப் பார்க்க வேண்டும். புதிய தடத்தைக் கற்கும் முதல் சில சுற்றுகளுக்கு நானே ஆட்டோமேட்டிக்கைப் போட்டுக்கொள்வதுண்டு. வளைவுகளின் வரிசையை மனத்தில் பதித்துக்கொள்ளும் நேரத்தில் கியர் ஒரு சுமை. தடம் மனத்தில் ஏறியதும் மேனுவலுக்குத் திரும்பிவிடுவேன். மின்சாரக் கார்களில் இந்தக் கேள்வியே பெரும்பாலும் எழுவதில்லை, அவற்றில் பலவற்றுக்கு ஒரே கியர்தான்.

மாற விரும்புபவர் வேகமான காரை எடுத்துவிட வேண்டாம். மாஸ்டா எம்எக்ஸ்-5 ஏதாவது ஒரு தலைமுறையில் இந்த மூன்று விளையாட்டுகளிலும் கிடைக்கிறது. வலு குறைந்த, எடை குறைந்த கார் என்பதால் தவறான கியரில் போனாலும் தடத்தைவிட்டுத் தூக்கி எறியாது, ஆனால் நேரத்தில் கணக்குக் காட்டிவிடும். நன்றாகத் தெரிந்த ஒரே தடத்தில் அதை இருபது சுற்று ஓட்டுங்கள். முதல் பத்துச் சுற்றுகளில் ஆட்டோமேட்டிக்கில் எடுத்த நேரத்தைவிட மெதுவாகத்தான் போவீர்கள். வளைவுக்குள் வந்த பிறகு கியர் நினைவுக்கு வரும், கூட்ட வேண்டிய இடத்தில் குறைத்துவிடுவீர்கள். பதினைந்தாவது சுற்றுக்கு மேல் ஆர்பிஎம் காட்டியைத் திரையிலிருந்து மறைத்துவிட்டு, ஒலியை மட்டும் கேட்டு மாற்றிப் பாருங்கள்.